மறுமொழி: ‘ரீமாஸ்டர்’ – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களின் டிவிடி, ப்ளூ-ரே வெளியீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர், பழைய படத்தை இன்னும் தெளிவாகத் திரும்ப உருவாக்கி வெளியிடுவதைக் குறிக்கும் ‘ரீமாஸ்டர்’ (remaster) என்ற சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: மெருகேற்றம், மறுசீரமைப்பு, மீள்முதன்மையாக்கம், புதுப்பிப்பு. நான்குமே ஆங்கிலச் சொல்லைப் பார்த்து உருவானவை. செய்த வேலையைப் பார்த்து உருவானது ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் குறை. அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டார் ட்ரெக் தொடர்களில் ஒன்றான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்கள் ஓடியது. நடிகர்கள் வரும் காட்சிகளை 35 மி.மீ. படச்சுருளில்தான் எடுத்தார்கள். ஆனால் அந்தச் சுருளை வெட்டி ஒட்டிப் படத்தொகுப்பு செய்யவில்லை. நெகட்டிவைக் கழுவி, வீடியோ டேப்புக்கு மாற்றி, அதற்கப்புறம் எல்லாவற்றையும் டேப்பிலேயே முடித்தார்கள். விண்கப்பலின் மாதிரியைப் பல முறை படமெடுத்து, அந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததும் டேப்பில்தான். வாரம் ஒரு அத்தியாயம் கொடுக்க வேண்டிய அவசரத்தில் அதுவே வேகமான, செலவு குறைந்த வழி. விளைவு என்ன? முழு அத்தியாயம் என்று ஒன்று படச்சுருளில் இருந்ததே இல்லை. சுமார் 480 வரிகள் கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சி டேப்பில் மட்டும்தான் இருந்தது. விஎச்எஸ், லேசர் டிஸ்க், 2002இல் வந்த டிவிடி எல்லாம் அந்த ஒரு டேப்பின் பிள்ளைகள்.

2012 முதல் 2014 வரை வந்த ப்ளூ-ரே தொகுப்புகளுக்கு அந்த டேப் போதவில்லை. கிடங்கிலிருந்து நெகட்டிவ் பெட்டிகளை இறக்கி, காட்சி காட்சியாகத் தேடி ஸ்கேன் செய்தார்கள். பழைய அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்டு விழுந்த இடமெல்லாம் அதே இடத்தில் விழும்படி மறுபடி தொகுத்தார்கள். கப்பல் காட்சிகளின் தனித்தனிச் சுருள்களை எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். டேப்பில் மட்டுமே பிறந்த ஒளிக்கதிர்களையும் சில கோள்களையும் புதிதாக வரைந்தார்கள். சில நொடிகளுக்கு நெகட்டிவ் அகப்படவே இல்லை; அங்கே மட்டும் பழைய டேப்பையே பெரிதாக்கிச் சேர்த்தார்கள். இரண்டாம் பருவத்தின் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ அத்தியாயம் அந்தத் தொகுப்பில் நீண்ட வடிவத்திலும் வந்தது. ஒளிபரப்பில் வெட்டிப் போட்ட காட்சிகளை அதில் பார்க்கலாம். டிவிடியையும் ப்ளூ-ரேயையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் நான். சீருடைத் துணியின் நெசவு தெரிகிறது!

இதைப் போய் மெருகேற்றம் என்று எப்படிச் சொல்வது? பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் அது மெருகு. விளக்கு அதே விளக்குதான். இங்கே நடந்தது விளக்கையே மறுபடி வார்த்த வேலை. ‘மறுசீரமைப்பு’ என்றால் நமக்குத் தொகுதியும் கடனும்தான் நினைவுக்கு வரும். ‘புதுப்பிப்பு’ செல்பேசிச் செயலிகளுக்குப் போய்விட்டது. ‘மீள்முதன்மையாக்கம்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. மாஸ்டர் என்பதை ‘முதன்மை’ என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. இங்கே மாஸ்டர் என்றால் முக்கியமானது என்று பொருளில்லை, மற்றப் படிகள் எல்லாம் எதிலிருந்து பிறக்கின்றனவோ அந்தப் படி.

அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. நிலம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும்: தாய்ப்பத்திரம். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ‘படி எடுத்தல்’ என்றார்கள். இன்றும் நகலுக்குப் ‘படி’ என்கிறோம். இரண்டையும் சேர்த்தால் தாய்ப்படி. ‘தாய்’ என்பது உணர்ச்சிச் சொல், தொழில்நுட்பத்துக்கு ஒட்டாது என்று ஒருவர் எழுதியிருந்தார். தாய்ச்சங்கம், தாய்நிறுவனம், தாய்ப்பலகை எல்லாம் ஒட்டியிருக்கின்றனவே.

சரி, மாஸ்டர் என்றால் தாய்ப்படி. அப்படியானால் ரீமாஸ்டர்? ‘மறு’, ‘மீள்’ எதுவும் வேண்டாம். புதுத் தாய்ப்படி என்றாலே போதும். “ப்ளூ-ரேக்காகப் புதுத் தாய்ப்படி எடுத்தார்கள்” என்று பேச்சிலும் சொல்லலாம், கட்டுரையிலும் எழுதலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவர்கள் ரீமாஸ்டர் என்று அட்டையில் போடுவது எல்லாமே இந்த வேலை இல்லை. டேப்பில் இருப்பதையே கணினியால் பெரிதாக்கிக் கூர்மையாக்கினாலும் அதே சொல்தான் போடுகிறார்கள். அதைப் பெரிதாக்கிய படி என்று தனியாகச் சொல்ல வேண்டும். 1966–69இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் இன்னொரு வகை. அது தொகுப்பு, தந்திரக் காட்சிகள் உட்பட முழுக்கப் படச்சுருளிலேயே முடிந்த தொடர். 2006 முதல் அதன் நெகட்டிவிலிருந்து புதுத் தாய்ப்படி எடுத்ததோடு, விண்வெளிக் காட்சிகளுக்குப் பதிலாகப் புதிய கணினிக் காட்சிகளையும் வைத்தார்கள். 2009 ப்ளூ-ரேயில் பழையதா புதியதா என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்ளலாம். இதற்குக் காட்சி மாற்றிய படி என்று சொல்லலாம்.

இந்தச் சொற்கள் தாங்குமா என்று பாபிலோன் 5 என்ற இன்னொரு விண்வெளித் தொடரை வைத்துச் சோதித்தேன். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான தொடர் அது. நடிகர்கள் வரும் காட்சிகளை அகலத்திரைக்கும் பொருந்தும்படி சூப்பர் 35 என்ற முறையில் படச்சுருளில் எடுத்தார்கள். கணினி வரைகலையை மட்டும் அன்றைய தொலைக்காட்சியின் 4:3 (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) அளவுக்குச் செய்தார்கள். டிவிடியை அகலத்திரையில் வெளியிட்டபோது வரைகலைக் காட்சிகளின் மேலும் கீழும் வெட்ட வேண்டியதாயிற்று. நல்ல தெளிவோடு போகும் காட்சி, கப்பல் வந்ததும் சட்டென்று மங்கும். பல ஆண்டுகள் அந்தத் தொடரை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். 2021இல் மறுபடி 4:3க்கே திரும்பினார்கள். நடிப்புக் காட்சிகளை நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், வரைகலையைப் பழைய அளவிலிருந்து பெரிதாக்கினார்கள். 2023 இறுதியில் வந்த ப்ளூ-ரேயும் அதுவே. அதை இப்படி எழுதலாம்: “நடிப்புக் காட்சிகளுக்குப் புதுத் தாய்ப்படி, வரைகலைக் காட்சிகள் பெரிதாக்கிய படி.” ரீமாஸ்டர் என்ற ஒற்றைச் சொல்லால் இதைச் சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதும் இந்த வேறுபாடுதான்.

நண்பர் கேட்ட இன்னொரு சொல், ‘ஹோம் வீடியோ’: வீட்டில் போட்டுப் பார்க்க வட்டாகவோ டேப்பாகவோ விற்பது. ‘இல்லக் காணொளி’ என்றால் கல்யாண வீடியோ என்று நினைத்துக்கொள்வார்கள். ‘வீட்டுக்கான வெளியீடு’ போதும். வட்டுக்கு ‘குறுந்தகடு’ என்பதா, இலங்கையில் வழங்கும் ‘இறுவட்டு’ என்பதா என்ற விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இறுவட்டு பிடிக்கும்.

நண்பருக்கு ஒன்று: உங்கள் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். ‘டீப் ஸ்பேஸ் நைன் தொடரும் மெருகேற்றப்பட்டு வெளிவந்துள்ளது’ என்று இருக்கிறது. அதுவும் ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர்தான். ஆனால் அந்தத் தொடரைப் பற்றிய ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளை மட்டும்தான் நெகட்டிவிலிருந்து எடுத்தார்கள். முழுத் தொடருக்கு இன்னும் புதுத் தாய்ப்படி இல்லை. கையில் கிடைப்பது பழைய டேப்பின் டிவிடிதான்.