முடி நட்டு 11 நாள் ஆச்சு, முன்பக்கப் பொருக்கு உதிரவே இல்லை. தேய்க்கலாமா?

மழைக்காகம்

எல்லோருக்கும் வணக்கம். எஃப்யூஇ முறையில், அதாவது பின்மண்டையிலிருந்து முடியைத் தனித்தனியாக எடுத்து நடும் முறையில், ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் செய்து இன்றைக்கு 11-ஆவது நாள். மொத்தம் 2,600 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து). முன்நெற்றிக் கோட்டிலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் வைத்திருக்கிறார்கள். பின்மண்டையில் முடி எடுத்த இடம் ஒரு வாரத்துக்குள் ஆறிவிட்டது. முன்பக்கம்தான் கவலையாக இருக்கிறது.

ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகளவுக்குப் பழுப்புப் பொருக்கு அப்படியே நிற்கிறது. வலது மூலையில் ஏழெட்டுப் பொருக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே தகடாகிவிட்டன. விரல் வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. என்னோடு ஒரே நாளில் செய்துகொண்ட இன்னொருவருக்கு 9-ஆவது நாளிலேயே தலை சுத்தமாகிவிட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

முதல் மூன்று நாள் சலைன் (உப்புநீர்) ஸ்ப்ரே அடித்தேன். அப்புறம் தினமும் ஒரு முறை, அவர்கள் கொடுத்த ஷாம்பூவை நுரைத்து மேலே வைத்து, இரண்டு நிமிடம் கழித்துக் குவளையால் தண்ணீர் ஊற்றிவிடுவேன். கையால் தொடுவதே இல்லை. பயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 6-ஆவது நாள் காலையில் தலையணை உறையில் ஒரு பொருக்கு கிடந்தது. அதில் இரண்டு முடி, அடிமுனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ். அந்த கிராஃப்ட் போய்விட்டதா?

அறுவை செய்த இடத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். முதலில் எடுத்தவர், "தானா விழும், கையே வைக்காதீங்க" என்றார். அடுத்த நாள் வேறொருவர், "பத்து நாள் ஆச்சுல்ல, நல்லா தேய்ச்சுக் குளிங்க" என்றார். யார் சொல்வதைக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

படித்துறை

தம்பி, முதலில் ஒன்று: காய்ந்த தலையில் நகம் வைக்க வேண்டாம். இன்றைக்கும் சரி, அடுத்த வாரமும் சரி. எனக்கு 14 மாதத்துக்கு முன்னால் இதே முறையில்தான் செய்தார்கள். அந்தப் பத்தாவது நாள் கண்ணாடி முன்னால் நின்று நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, அதனால் உங்கள் பயம் புரிகிறது.

சில விவரம் வேண்டும். வலி, சீழ், வாடை ஏதாவது உண்டா? அந்தத் தகடு பழுப்பா, கறுப்பா? தண்ணீர் பட்டால் இளகுகிறதா, கல் மாதிரியே இருக்கிறதா? அறுவை நடந்த அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கணக்கு வைத்தீர்கள்?

மழைக்காகம்

நன்றி அண்ணா. வலி, சீழ், வாடை எதுவும் இல்லை. இரவில் அரிப்புதான் தாங்க முடியவில்லை. தகடு மஞ்சள் கலந்த பழுப்பு. நனைந்ததும் நிறம் கொஞ்சம் வெளுக்கிறது, இளகுவதற்குள் கழுவிவிடுகிறேன். அறுவை நடந்த அன்றைக்கு 1 என்று வைத்துத்தான் எண்ணினேன்.

பூவரசு

முடி மாற்று அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் பதிலிலேயே விஷயம் இருக்கிறது தம்பி. இரண்டு நிமிடம் போதாது. பொருக்கு என்பது காய்ந்த ரத்தமும் நிணநீரும் செத்த தோலும் சேர்ந்து இறுகியது. அது முடியின் அடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் அதை நனைக்கிறீர்கள், ஊறவிடுவதில்லை. மேலே ஈரமாகிறது, அடியில் காய்ந்தே இருக்கிறது, துவட்டியதும் மறுபடியும் இறுகிவிடுகிறது. இத்தனை நாளாக இதேதான் நடந்திருக்கிறது.

நாள் கணக்கைப் பற்றி. அறுவை நடந்த நாளைப் பெரும்பாலும் பூஜ்ஜியம் என்றுதான் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்று 10. ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். முதல் வாரத்தில் அந்த ஒரு நாளும் பெரிது. 2006-இல் பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு முடி மாற்று மருத்துவர்கள், நட்ட கிராஃப்ட் எத்தனை நாளில் வேரூன்றுகிறது என்று நாள்வாரியாக இழுத்தே பார்த்தார்கள். முதல் 2 நாள் முடியை இழுத்தால் கிராஃப்டும் கூடவே வந்தது. 6-ஆம் நாளில் வெறும் முடியை இழுத்தால் வரவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த பொருக்கைப் பிடித்து இழுத்தபோது 5-ஆம் நாள் வரை கிராஃப்ட் வந்துகொண்டே இருந்தது. 8-ஆம் நாள் வரை அது குறைந்துகொண்டு போய், 9-ஆம் நாளில் ஒன்றுமே வரவில்லை. முடியைவிடப் பொருக்குக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே இதை வைத்துத்தான். மூன்றாம் நாளிலிருந்தே மெதுவாகக் கழுவச் சொல்வதும் பொருக்கு கெட்டியாக வளரக் கூடாது என்றுதான்.

ஆக, உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் 5-ஆம் நாளுக்கான பதிலை 10-ஆம் நாளில் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் நாளைச் சரியாகப் பார்த்து, எப்படித் தேய்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். "நல்லா தேய்ச்சு" என்ற அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள்.

இன்றிரவு இப்படிச் செய்யுங்கள். முதலில் தலையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து உங்கள் மருத்துவருக்கே நேராக அனுப்பி, "ஊறவைத்து எடுக்கலாமா" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். சரி என்று வந்ததும், வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனைத்து, தோலை மென்மையாக்கும் பாந்தெனால் கலந்த லோஷன் இருந்தால் அதை, இல்லாவிட்டால் உங்கள் ஷாம்பூ நுரையையே பொருக்கு மறையும் அளவுக்குக் கனமாக வைத்துவிட்டு 30 நிமிடம் உட்காருங்கள். நுரை காய்ந்தால் மேலே சலைன் தெளியுங்கள். அரை மணி முடிந்ததும் கண்ணாடியில் பாருங்கள். பொருக்கின் ஓரம் நனைந்த காகிதம் மாதிரி வெளுத்து, தோலை விட்டுச் சற்றே எழும்பியிருக்கும். அது தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் பத்து நிமிடம்.

நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். விரல் நுனியின் சதையைத் தோல்மேல் பதித்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். அழுத்தம் எவ்வளவு என்றால், மூடிய கண் இமைமேல் அதே விரலை வைத்துச் சுழற்றிப் பாருங்கள், உறுத்தக் கூடாது. ஓர் இடத்தில் அரை நிமிடம், பிறகு அடுத்த இடம். வந்தது வரட்டும், வராததை நாளைக்கு விடுங்கள். அப்புறம் குவளைத் தண்ணீர். ஷவரின் நேரடி அடி வேண்டாம், ஹேர் டிரையரின் சூடும் வேண்டாம். காலையும் இரவும் இரண்டு வேளை.

தலையணையில் கிடந்த முடிக்கு வருகிறேன். கிராஃப்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்மண்டையிலிருந்து எடுத்துக் குளிர்ந்த சலைனில் வைக்கும்போது பார்ப்பேன். முடியின் அடிப்பாகத்தைச் சுற்றி ஈரமான, சதைப்பற்றான, ஒளி ஊடுருவும் ஒரு சின்ன உறை இருக்கும். நீங்கள் பார்த்தது உலர்ந்த முடியும் முனையில் சிறு வெள்ளைக் குமிழும். அது உதிரும் முடியின் முனை. வேர் உள்ளேதான் இருக்கிறது. ஒரு கிராஃப்டில் 1 முதல் 4 முடி வரை இருக்கும், அதனால் இரண்டு முடி சேர்ந்து வந்ததிலும் ஆச்சரியம் இல்லை. கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசிந்திருக்கும். தலையணையில் ரத்தப் பொட்டு இருந்ததா?

மழைக்காகம்

இல்லை அக்கா. ஒரு பொட்டுகூட இல்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதைப் படித்ததும் மனதில் பாதி பாரம் இறங்கிவிட்டது. மருத்துவருக்குப் படம் அனுப்பிவிட்டேன்.

கீழ்வானம்

ஒரு சந்தேகம். ஊறிய பிறகு ஓரம் எழும்பி நிற்பதைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டால் என்ன? எனக்கு 12-ஆம் நாள், கை பரபரக்கிறது.

பூவரசு

வேண்டாம் தம்பி. விரல் சதைக்கு உணர்வு உண்டு. எதிர்த்து நிற்கிறது என்று உடனே தெரியும், நிறுத்திவிடலாம். இடுக்கிக்குத் தெரியாது. ஓரம்தான் எழும்பியிருக்கும், நடுவில் இன்னும் பிடித்திருக்கும். இழுத்தால் புதுத்தோல் உரிந்து ரத்தம் வரும், ரத்தம் வந்த இடத்தில் மறுபடியும் பொருக்கு கட்டும். ஒரு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் இழுக்கும்.

ஓடைக்கல்

தொடாமலே விட்டால் என்ன ஆகும் என்பதை என் தலை சொல்லும். யாரோ "தானா விழும்" என்றதை நம்பி 22 நாள் விட்டேன். பொருக்கு விழவில்லை, கெட்டியானது. அடியில் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் தங்கி, வெள்ளைத் தலையோடு பத்துப் பதினைந்து பருக்கள். தொட்டால் வலி. தோல் மருத்துவர் சலைனில் நனைத்த பஞ்சுத் துணியை முக்கால் மணி நேரம் வைத்து, அப்புறம் கையுறை போட்ட விரலால் துடைத்தார். அவ்வளவுதான், காய்ந்த வண்டல் மாதிரி வழிந்து வந்துவிட்டது. 22 நாள் நான் பயந்துகொண்டிருந்தது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கிராஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பருக்கள் ஆற இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

ஊறவைக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் ஐந்து நிமிடமே அரை மணி மாதிரி தெரியும்.

வேம்பு

தோல் மருத்துவராகச் சில வார்த்தை. பூவரசு சொன்ன முறை சரி. அது ஆறிவரும் தலைக்கான முறை. கீழே சொல்வது எதுவும் இருந்தால் ஊறவைப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்: சிவப்பு குறைவதற்குப் பதில் பரவிக்கொண்டே போவது, நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல். இதையெல்லாம்விட நான் அஞ்சுவது கறுத்த தோலுக்கு. எவ்வளவு ஊறினாலும் இளகாமல், பதப்படுத்திய தோல் மாதிரிக் கறுத்து ஒட்டி நிற்கும் பகுதி பொருக்காக இல்லாமல் போகலாம். ரத்த ஓட்டம் கிடைக்காமல் அங்கே தோலே செத்திருக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கேள்வி கேட்டவருடைய தகடு மஞ்சள் பழுப்பு, நனைந்தால் வெளுக்கிறது என்றார். அது நல்ல அறிகுறி.

அரிப்புக்கு நகத்தைக் கொண்டுபோகாதீர்கள். சலைன் தெளித்தாலே பாதி அடங்கும். அடங்காவிட்டால் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரை உதவும், உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைப் பூசிக்கொண்டிருந்தவர்கள் தோல் மூடிய பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி தொடங்கினால் போதும். திறந்த தோலில் பட்டால் எரியும்.

மழைக்காகம்

நேற்று இரவே மருத்துவர் பதில் போட்டுவிட்டார்: "செய்யலாம், நகம் கூடாது." செய்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 35 நிமிடம். பூவரசு அக்கா சொன்ன அதே மாதிரி ஓரம் வெளுத்து எழும்பியது. இமையில் ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் தலையில் கை வைத்தேன். இடது பக்கம் நாலாவது சுற்றிலேயே விரலுக்கடியில் சொரசொரப்பு போய் வழுவழுப்பானது. அந்த நொடியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. நுரையோடு பழுப்புத் துகளும், கூடவே முப்பது நாற்பது முடியும் வந்தன. முடியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ரத்தம் இல்லை. இடது பக்கமும் நடுவும் முக்கால்வாசி சுத்தம். வலது மூலைத் தகடு அசையவில்லை, விட்டுவிட்டேன்.

படித்துறை

விட்டதுதான் சரி. முடி வந்ததைப் பற்றி மனதைப் போட்டு அலட்டாதீர்கள் தம்பி. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது மாதம் வரை நட்ட முடியில் பெரும்பகுதி இப்படித்தான் கொட்டும். ஆறாவது வாரத்தில் என் முன்நெற்றி அறுவைக்கு முன்னால் இருந்ததைவிட வெறுமையாக இருந்தது. நான்காம் மாதம் பூனைமுடி மாதிரி மெல்லியதாக வந்தது, ஓராண்டு ஆகும்போது தடித்தது. கொட்டும் முடியை எண்ணாதீர்கள். நான் எண்ணினேன், அதனால் எனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பூவரசு

வலது மூலைக்கு மட்டும் தனியாக ஒன்று செய்யுங்கள். சலைனில் நனைத்த மெல்லிய துணியைக் கசியாத அளவுக்குப் பிழிந்து, தகட்டின்மேல் 15 நிமிடம் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். அதற்குப் பிறகு வழக்கம்போல் நுரை. பொருக்குகள் சேர்ந்து கட்டிய இடத்துக்கு மேலிருந்து மட்டும் ஈரம் போதாது, ஓரங்களிலிருந்தும் இறங்க வேண்டும். ஒரே நாளில் வராது. துண்டு துண்டாக உடைந்து வரும்.

மழைக்காகம்

இன்றைக்கு, சரியான கணக்கில், 13-ஆம் நாள். துணி வைத்த இரண்டாவது வேளையில் தகடு மூன்றாக உடைந்தது. அடுத்த வேளையில் இரண்டு துண்டு வந்தன, இன்று காலை கடைசித் துண்டும் வந்துவிட்டது. அடியில் தோல் இளஞ்சிவப்பாக, குழந்தையின் தோல் மாதிரி இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தது. பஞ்சை ஒற்றினேன், வெறும் நீர்தான், அதுவும் பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த இளஞ்சிவப்பு எத்தனை நாள் இருக்கும்? வெளியே போகும்போது மூடிக்கொள்ளலாமா?

வேம்பு

பலருக்கும் சில வாரம் இருக்கும். வெளிர்நிறத் தோலில் இரண்டு மூன்று மாதம்கூடத் தெரியலாம். வெயில்தான் இதற்கு எதிரி. உங்கள் மருத்துவர் சம்மதித்தால், நெற்றிக் கோட்டில் உரசாத தளர்வான தொப்பி போடலாம். நீச்சலும் வியர்வை சொட்டும் உடற்பயிற்சியும் அவர் சொல்லும்வரை வேண்டாம். அந்த ஈரப் புள்ளி நாளையும் கசிந்தால் அல்லது மஞ்சளாக மாறினால் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

மழைக்காகம்

காலையில் பார்த்தேன், அந்தப் புள்ளி காய்ந்து தோலோடு சேர்ந்துவிட்டது. தொப்பிக்கு மருத்துவர் சரி சொல்லிவிட்டார். அக்கா, அண்ணா, டாக்டர், ஓடைக்கல், எல்லோருக்கும் நன்றி. கீழ்வானம், நீங்கள் இடுக்கியைத் தொடவில்லையே?

கீழ்வானம்

தொடவில்லை. இப்போது நுரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் 18 நிமிடம் இருக்கிறது.