மனப்பயிற்சி எங்கே சறுக்குகிறது?

விளையாட்டு வீரர்களின் மனப்பயிற்சிக்கு மூச்சுதான் அடிப்படை. நிமிர்ந்து உட்கார்ந்து 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு, தினமும் 10 நிமிடம். வெளிமூச்சில் இதயத்துடிப்பு இறங்கும். அதை நீட்டச் சொல்வது அதற்காகத்தான். "மனசு அடங்கவே மாட்டேங்குது" என்று இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அடங்க வேண்டியதில்லைங்க! ஓடியதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. முப்பது முறை ஓடினால் முப்பது முறை திரும்பலாம். தலை சுற்றினால் காற்றை அதிகமாக இழுக்கிறீர்கள். வேகத்தை மாற்றாமல் மூச்சை மெலிதாக்குங்கள்.

—

மேலே சொன்னது சரி. ஆனால் அந்தக் கவனிப்பை ஆட்டத்தின் நடுவே கைகால் மேல் திருப்பிவிடக் கூடாது. கூடைப்பந்தில் நன்கு பழகிய ஃப்ரீ த்ரோவில் (தடுப்பவர் இல்லாமல் நின்று எறிவது) முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று பார்க்கத் தொடங்கினால், தானாக ஓடும் அசைவு துண்டுதுண்டாகிவிடும். நெருக்கடியில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தடுமாற இது ஒரு முக்கியக் காரணம். பார்வை வளையத்தின் விளிம்பில் ஒரே புள்ளியில் நிற்கட்டும். எறிவதற்கு முன் நிலைக்கும் அந்தக் கடைசிப் பார்வை, தேர்ந்தவர்களிடம் நீளமாக இருப்பதை விளையாட்டு ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

இன்னொன்று: சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்த 5 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். 10 விநாடி மூச்சு அதற்குள் அடங்காது. நடுவர் பந்தைத் தருமுன்பே மூச்சை முடித்துவிடுங்கள். பிறகு பந்தைத் தரையில் இரண்டு தட்டு, பார்வை, எறி.

—

நீச்சலில் மனக்காட்சிக்குத்தான், அதாவது போட்டியை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குத்தான், பலன் அதிகம், அதை யாரும் தொடவில்லையே. கரையில் நின்று பார்ப்பதுபோல் அல்ல, தண்ணீருக்குள் உங்கள் கண்வழியே ஓட்டுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். நிஜத்தில் 62 விநாடி எடுக்கும் 100 மீட்டர், கண்ணை மூடினால் 45இல் முடிகிறதா? திருப்பங்களைத் தாவிவிட்டீர்கள். இரண்டு விநாடி முன்பின் இருந்தால் பரவாயில்லை.

கோளாறையும் சேர்த்து ஓட்டுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. சுவர் தெரியாமல் கைவீச்சை எண்ணியே நீந்தி, 1:52.03 என்ற உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். உங்கள் கைவீச்சு எண்ணிக்கை உங்களுக்குத் தெரியுமா? குளத்தின் ஒவ்வொரு நீளத்துக்கும் எண்ணிக் குறித்து வையுங்கள், களைத்த கடைசி நீளத்துக்குத் தனியாக. அங்கே எண்ணிக்கை கூடும்.

—

எப்போது தொடங்குவது என்றால், குறைந்தது 8 வாரம் முன்பே. போட்டிக்கு முந்தைய இரவு புதிதாகத் தொடங்கினால் தூக்கம்தான் கெடும்.