கிட்னி பிரச்சினைக்கு எக்கோ எதற்கு?

மலர்:
அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை 15 வருஷமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.1, இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 35 என்று வந்ததால் கிட்னி டாக்டரிடம் போனோம், அவர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறதாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது எதுவும் அப்பாவுக்கு இல்லை. டயாலிசிஸ் வந்துவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருக்கிறோம், இதில் இதயம் எங்கிருந்து வந்தது?

செந்தில்:
டயாலிசிஸ் யூனிட்டில் 12 வருஷமாக வேலை பார்க்கிறேன் சகோதரி. டாக்டர் செய்தது சரிதான். அப்பாவின் நிலையில் இருக்கிற பலருக்கு டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதயம்தான் பழுதாகிறது. உப்பையும் நீரையும் கிட்னி சரியாக வெளியேற்றாவிட்டால் பிரஷர் ஏறும், அந்தப் பிரஷரை எதிர்த்து வருஷக்கணக்கில் துடித்துத் துடித்தே இதயத் தசை தடித்துப் போகும். ரத்தம் ஊறத் தேவையான எரித்ரோபொய்டின் கிட்னியில்தான் சுரக்கிறது என்பதால் ஹீமோகுளோபினும் இறங்கி, அதை ஈடுகட்ட இதயம் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். அப்புறம் பாஸ்பரஸ். அது தேங்கினால் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் இறுகும். இது எதுவும் ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் எக்கோ. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்த்தீர்களா? கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத்துக்கும் ஆபத்து கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், கிட்னியையும் இதயத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் அப்பாவுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

கௌசல்யா:
என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது மலர். பிரஷருக்கு நல்லது என்று நம்பி சோடியம் குறைந்த உப்பை வாங்கிச் சமைத்தேன், கூடவே தினமும் இளநீர். அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதும், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம் என்பதும், பழுதான கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் கை கால் துவண்டு விழுந்துவிட்டார், பொட்டாசியம் 6.8-க்கு ஏறி, இசிஜியே மாறியிருந்தது. சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேண்டாம். மூட்டு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடவும் விடாதீர்கள், அது கிட்னியை இன்னும் கெடுக்கும்.

மலர்:
அக்கா, இன்று காலையிலும் அப்பா இளநீர் குடித்தார். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.3, கொஞ்சம் அதிகம்தான். டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறார், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும் என்று படித்தேன். நிறுத்திவிடவா?

செந்தில்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்றும்தான், ஆனால் கிட்னியையும் இதயத்தையும் காப்பாற்றுவதும் அதே மாத்திரைதான். இளநீரை இன்றோடு விடுங்கள், நாளைக்கே ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி எப்போது மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.