புதுப்பிப்பு: 'மோகனாங்கி'யை வாசிச்சு முடிச்சிட்டன்

போன மாசம் நான் வாசிச்ச நாவல்களைப் பற்றி எழுதேக்க, 'மோகனாங்கி' நடை தடுக்குது, பாதியில வச்சிட்டன் எண்டு சொல்லியிருந்தன். அந்தக் கருத்தை மாத்திறன். எங்கட திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல வெளியிட்டது. தமிழின்ர முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லுறவை.

இங்கத்தைய டச்பே கடற்கரை மணலில இருந்து வாய்விட்டு வாசிச்சன். அப்பதான் அந்த நீண்ட வசனங்கள் பிடிபட்டுது. கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு வந்து என்ர பணிஸ் சுத்தின பேப்பரை மணந்துகொண்டு நிண்டது. நான் கதையில வாற சொக்கநாத நாயக்கரை விட்டு நிமிரேல்ல. நாயக்கர் காலத்துக் கதையை இந்த ஊர்க்காரர் ஒருத்தர் எழுதினதே எனக்குப் பெரிய பெருமை.

'ஒரு புளியமரத்தின் கதை' ரெண்டாம் தரமும் பிடிச்சுது. மரம் சாகிற இடத்தில கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வச்சன்.

அடுத்தது 'ஊசோன் பாலந்தை கதை', 1891. அதுவும் எங்கட ஊர்க்காரர் எழுதினதுதான்.