80களின் ஐரோப்பிய சிந்த்-பாப்: உங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லுங்கள்

வடமராட்சியான் எழுதியது:

நானே தொடங்குகிறேன். 1985 தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனிக்கு வந்தேன். அப்போது எங்கள் பெடியள் நிறையப் பேர் வந்த அதே வழிதான். விமானத்தில் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட், அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம். கடைசியில் ரூர் பகுதியில் ஓர் அகதி ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், கொண்டுபோய் விட்டார்கள். அறைக்கு மூன்று பேர். ஒருவர் போலந்து, ஒருவர் ஈரான், மூன்றாவது நான். வேலை செய்ய அனுமதி இல்லை. டொச், அதாவது ஜேர்மன் மொழி, ஒரு சொல்லும் தெரியாது. என்னிடம் இருந்தது பள்ளிக்கூட இங்கிலீஸ். அவர்கள் இருவரிடமும் அதுவும் பாதிதான். காலை வணக்கம் சொன்ன பிறகு நாள் முழுவதும் பேச ஒன்றும் இருக்காது.

போலந்துக்காரரிடம் ஒரு றேடியோ கசெற் இருந்தது. அந்த வசந்தகாலத்தில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் மாடர்ன் டாக்கிங்கின் ‘யூ ஆர் மை ஹார்ட், யூ ஆர் மை சோல்’ வந்துவிடும். டீட்டர் போலன், தோமஸ் ஆண்டர்ஸ் என்ற இரண்டே பேர். தொடர்ந்து ஐந்து பாட்டுகள் ஜேர்மன் பட்டியலில் முதலிடம் பிடித்தன. அதில் முதலாவது இது. கீழே பொது அறையில் ‘ஃபோர்மல் ஐன்ஸ்’ பாட்டு நிகழ்ச்சி போகும்போது தொலைக்காட்சிக்கு முன்னால் இடம் பிடிக்க வேண்டும். ஆண்டர்ஸின் கழுத்தில் ‘நோரா’ என்று பெரிய எழுத்தில் சங்கிலி தொங்கும். அது அவருடைய மனைவியின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. ஈரான்காரர் அதைப் பாட்டுக்குழுவின் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தார்.

றேடியோவில் பாட்டைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. பிளே, ரெக்கோர்ட் இரண்டு கட்டைகளிலும் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் முன்பே தாளம் தொடங்கிவிடும். எங்கள் கசெற்றில் அவருடைய சொல் ஒன்றின் பின்பாதியோடுதான் பாட்டு ஆரம்பிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்தப் பாட்டைக் கேட்டால் என் காது முதலில் அந்த அரைச் சொல்லைத் தேடுகிறது.

அப்புறம் ஒரு மழை நாள். கசெற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டு வரிகளை எழுதுவோம் என்று ஈரான்காரர் சைகையில் சொன்னார். ஒரே தாளை மூன்றாக மடித்தோம். நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். அவர் வலமிருந்து இடமாகப் பாரசீக எழுத்தில் எழுதினார். போலந்துக்காரர் தன் மொழியில் ஒலிக்கிறபடி எழுதினார். பிறகு தாளை விரித்து வைத்து மூவரும் சேர்ந்து பாடினோம். ஹைமுக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அந்த இசையை மலிவானது என்று எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இங்கிலீஸைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் செய்த பாட்டு. ஆண்டர்ஸின் உண்மைப் பெயர் பேர்ன்ட் வைடுங். போலன் பாட்டு எழுதிக்கொடுத்த இன்னொரு பாடகி சி.சி. கேட்ச் ஒல்லாந்தில் பிறந்தவர். ரிகேரா என்ற இத்தாலியர் இருவர் 1983 இல் ஸ்பானிய மொழியில் பாடி ஐரோப்பாவையே ஆட வைத்தார்கள். கடற்கரைக்குப் போவோம் என்று குதூகலமாகத் தொடங்கும் அந்தப் பாட்டு உண்மையில் அணுகுண்டு வெடித்த கடற்கரையைப் பற்றியது. இவர்கள் எல்லோரும் இரவல் மொழியில், சின்னச் சின்னச் சொற்களில் பாடினார்கள். அதனால்தான் எங்கள் மூன்று பேராலும் உள்ளே போக முடிந்தது.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

வடகடல் எழுதியது:

அண்ணை, உங்கள் அறை மாதிரி ஒன்று எனக்கும் இருந்தது, நோர்வேயில். 1985 இல் மாணவனாக ஒரு ஃபோல்க்க ஹொய்ஸ்கூலவுக்கு, தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு, வந்தேன். அந்த இலையுதிர் காலத்தில் ஆ-ஹாவின் ‘டேக் ஆன் மீ’ அமெரிக்காவில் முதலிடம் போனது. எந்த நோர்வேக் குழுவும் அதற்கு முன் அங்கே போனதில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் செய்தி வந்ததும் பொதுவாகச் சத்தமே போடாத பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். ஒரு சின்ன நாட்டுக்காரருக்கு உலகம் தன் பெயரைச் சொல்லும்போது என்ன நடக்கும் என்று அன்றைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று நான் இங்கே விளக்கத் தேவையில்லை.

அதே பாட்டை 1984 இல் வேறு மாதிரிப் பதிவு செய்து வெளியிட்டுத் தோற்றிருக்கிறார்கள். பிறகு அலன் டார்னி என்ற தயாரிப்பாளரோடு திரும்பப் பதிவு செய்தார்கள். பென்சில் படங்கள் உயிர்பெறும் அந்த வீடியோவுக்காக ஏறக்குறைய 3,000 சட்டகங்களைக் கையால் வரைந்தார்கள். விட்டுவிடாமல் திரும்பத் திரும்பச் செய்த அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பள்ளியின் இசை அறையில் ஒரு சிந்தசைசர் இருந்தது. தொடக்கத்தில் வரும் அந்தத் துள்ளலை வகுப்புத் தோழன் ஒருவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கேட்கச் சுலபம். ஆனால் ஒரே கட்டையை இரண்டு, மூன்று தடவை தட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும், விரல் தாளத்துக்கு முன்னே ஓடிவிடும். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, மெதுவாக என்றான். நான் முதலில் சரியாகப் படித்த நோர்வேச் சொல் அதுதான். மோர்ட்டன் ஹார்கெட் பாடும் பல்லவியை மட்டும் நாங்கள் தொடவில்லை. அடியில் தொடங்கி இரண்டரை ஸ்தாயி ஏறுகிறது, யாரால் முடியும்!

பிறகு நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை. பல வருடம். அங்கே குளிரில் விரல் விறைக்கும்போது மேசை விளிம்பில் அந்தத் துள்ளலைத் தட்டிப் பார்ப்பேன்.

பெர்லின் தமிழச்சி எழுதியது:

உங்கள் இருவரையும் விட நான் இளையவள். 90களில் வந்தவள். எனக்குக் கிடைத்தது இரவல் கதை. என்னோடு ஒரே வார்டில் வேலை செய்த மூத்த தாதி கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். பள்ளியில் அவர் ரஷ்ய மொழிதான் ஒழுங்காகப் படித்தார். இரவில் மேற்கு பெர்லின் வானொலியில் டெபெஷ் மோட் என்ற குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்வாராம். அவர் வைத்திருந்த, கிழக்கு ஜேர்மனியில் செய்த ஓர்வோ கசெற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அட்டையில் பாட்டின் பெயர்களைப் பென்சிலால் எழுதி, அழித்து, மேலே வேறு பெயர்கள் எழுதி, அந்த இடத்தில் தாளே மெலிந்துபோயிருந்தது. கசெற் விலை அதிகம், ஆகவே ஒரு பாட்டு வந்தால் இன்னொன்று போக வேண்டும்.

1988 மார்ச் 7 அன்று டெபெஷ் மோட் கிழக்கு பெர்லினிலேயே பாடினார்கள். வெர்னர் ஸீலன்பின்டர் மண்டபம். அரசின் இளைஞர் அமைப்பான எஃப்.டி.யேயின் பிறந்தநாள் கச்சேரி என்ற பெயரில் நடந்தது. இவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வெளியே குளிரில் நின்றார். கதவு திறந்து மூடும் நேரத்தில் மட்டும் ஒரு துண்டு சத்தம் வரும், பிறகு நிற்கும். ‘என் கசெற்றை விட மோசமான ஒலி, ஆனால் அவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பாடினார்கள்’ என்று சொல்வார். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கையைக் கதவு மாதிரி அசைத்துக் காட்டுவார்.

அந்த மண்டபத்தை 90களில் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கு இருக்கிறது. ட்ராமில் அதைக் கடக்கும்போது எனக்கு அவர் கைதான் நினைவுக்கு வரும்.

அண்ணா, ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். சொல் எளிமையாக இருந்ததால் உள்ளே போனோம் என்கிறீர்கள். டெபெஷ் மோட் இங்கிலாந்தின் பாசில்டன் ஊர்க்காரர்கள், தாய்மொழியில்தான் எழுதினார்கள், எளிமையாகவும் எழுதவில்லை. என் தோழிக்குப் பாதி வரி புரியவில்லை. இரும்பை அடிக்கிற சத்தத்தைப் பதிவு செய்து தாளமாக்கினார்களே, அதுதான் அவரைப் பிடித்தது. அவருடைய அப்பா ஆலையில் வேலை செய்தவர்.

பாரிமுனை எழுதியது:

சென்னையில் இருந்து. கடையில் கொடுத்து டி.டி.கே. 90 கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை நான். மாடர்ன் டாக்கிங் பல்லவியில் வரும் அந்த மெல்லிய உச்சக் குரல் அந்த இருவருடையது இல்லை, ஸ்டுடியோ பாடகர்களுடையது என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று முழுவதும் மனசு சரியில்லை. இத்தாலியில் டென் ஹாரோ என்ற பாடகருக்கும் வேறொருவர்தான் குரல் கொடுத்தார் என்று தெரிந்தபோது கேசட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். அண்ணா, உங்களுக்கு எப்படி இருந்தது?

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பேசிவிட்டேன். எங்கள் போலந்துக்காரர் நிலக்கரிச் சுரங்க ஊரில் இருந்து வந்தவர். தாளம் தொடங்கியதும் அவர் கால்தான் முதலில் ஆடும்.

பாரிமுனைத் தம்பி, அந்தக் குரல்களில் முக்கியமானவர்கள் ரோல்ஃப் கோலர், டெட்லெஃப் வீடகே, மிஹாயல் ஷோல்ஸ். பிற்காலத்தில் சிஸ்டம்ஸ் இன் ப்ளூ என்ற பெயரில் தாங்களே மேடைக்கு வந்தார்கள். கோலர் 2007 இல் காலமானார். எனக்கும் முதலில் கவலைதான். ஆனால் நாங்கள் மூவரும் அந்தத் தாளை வைத்துப் பாடியது பல்லவியை மட்டும்தான். அது அவர்களுடைய பகுதி. முகம் காட்டாமல் பாடியவர்களோடு சேர்ந்துதான் பாடியிருக்கிறோம். பெட்டியைத் திறந்து வையுங்கள், தம்பி. அவர்கள் பெயரை அட்டையில் எழுதி வையுங்கள்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, தமிழ்ப் பகுதியின் நாலாவது வரி போய்விட்டது. பாரசீகப் பகுதி அப்படியே இருக்கிறது. ஈரான்காரர் இப்போது கொலோனில் இருக்கிறார், போன மாதம் தொலைபேசியில் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். படமெடுத்து அனுப்பினேன். அவர் படிக்கவில்லை, பாடினார்.