ஸ்டாடின்: எல்.டி.எல். 70 போதுமா, 55 வேண்டுமா?

வணக்கம். குழுவில் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் இருந்தால் கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் அட்டோர்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) 40 மி.கி. சாப்பிடுகிறார். இப்போது எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 68. முன்பு பார்த்த டாக்டர் "70-க்குக் கீழே வந்தாச்சு, போதும்" என்றார். இப்போது பார்ப்பவர் 55-க்குக் கீழே கொண்டுவர எசெடிமைப் (கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்து) சேர்க்கலாம் என்கிறார். இருவருமே நல்ல டாக்டர்கள், அதுதான் சிக்கல்.

நானாகப் படித்துப் பார்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். 2013 அமெரிக்க வழிகாட்டுதல் இலக்கு எண்ணையே விட்டுவிட்டு, ஆபத்தைப் பொறுத்து ஸ்டாடினின் வீரியத்தை முடிவு செய்யச் சொன்னது. 2018-இல் 70 திரும்பி வந்தது. ஆனால் இலக்காக இல்லை. ஆபத்து மிக அதிகமுள்ள இதய நோயாளிக்கு அதற்கு மேல் இருந்தால் இன்னொரு மருந்து சேர்க்க யோசிக்கலாம் என்ற வரம்பாக. 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்தான் 55-க்குக் கீழே என்கிறது, கூடவே ஆரம்ப அளவில் பாதியாவது குறைய வேண்டுமாம். அப்பாவின் ஆரம்ப ரிப்போர்ட் கிடைக்கவில்லை.

ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் போலத்தான் குறையும் என்பதால் 80 மி.கி.-க்குப் போவதைவிட எசெடிமைப் மேல் என்று புரிகிறது. சரிதானா? அவருக்குத் தொடைவலி வேறு இருக்கிறது. அது ஸ்டாடினாலா என்று பார்க்க சி.கே. பரிசோதனை (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யச் சொல்லிக் கேட்கலாமா? 75 தாண்டிய பெரியவர்களுக்கும் இதே 55-தானா?

மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகை கொடுங்கள் என்ற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொன்னாலே பெரிய உதவி.