எச்.டி.ஆர்., லாங் எக்ஸ்போஷர்: கலைச்சொல் வேண்டும்

வணக்கம். செல்பேசிப் படக்கலைக் கையேட்டுக்கு இந்த இரண்டு சொற்களும் உடனே தேவை. எச்.டி.ஆரை (ஹை டைனமிக் ரேஞ்ச்) 'உயர் மாறுபாட்டுப் படம்' என்று சிலர் எழுதுகிறார்கள். இது தலைகீழ். குமரிமுனையில் சூரியன் எழும் நேரத்தில் வானம் கண்ணைக் கூசும், வள்ளுவர் சிலை கருத்து நிற்கும். மாறுபாடு காட்சியில்தான் இருக்கிறது. வெவ்வேறு ஒளியளவில் சில படங்களை அடுத்தடுத்து எடுத்து இணைத்து, செல்பேசி அந்த மாறுபாட்டைத் தணிக்கிறது. வானத்தின் நிறமும் தெரியும், சிலையின் கல்வரிகளும் தெரியும். எனவே 'பல்லொளியிணைப்பு' எனலாமா? மற்றது லாங் எக்ஸ்போஷர், அதாவது ஒரே படத்துக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஒளியை வாங்குவது. அதற்கு 'நெடுநேர ஒளியேற்பு'.
(நாகர்கோவில்)

ஐயா, 'ஒளியேற்பு' அருமை. "ஒளியேற்பைக் கூட்டு", "அரை நொடி ஒளியேற்பு" என்று வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது. எக்ஸ்போஷரை 'வெளிப்பாடு' என்று எழுதினால் படிப்பவர் உணர்ச்சியைத்தான் நினைப்பார்.

'பல்லொளியிணைப்பு' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அது செய்முறையின் பெயர். எச்.டி.ஆர். தொலைக்காட்சியில் எதை இணைக்கிறோம்? அங்கே இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட எல்லை அகலம் என்பதே பொருள். 'அகல் ஒளிவீச்சு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.
(தக்கலை)

முட்டம் கலங்கரை விளக்கிலிருந்து வருவதையும் 'ஒளிவீச்சு' என்றுதானே சொல்வோம்? 'அகல் ஒளிவரம்பு' என்று வைத்தால் குழப்பமில்லை. 'பல்லொளியிணைப்பை'யும் தள்ளிவிட வேண்டாம், செய்முறைக்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

அடுத்து 'நெடுநேர'. திற்பரப்பு அருவியில் நீர் நூல்நூலாக விழக் கால் நொடி போதும். கால் நொடியை நெடுநேரம் என்றால் புதியவர் மலைப்பார். 'நீள் ஒளியேற்பு' போதும்.

கையேட்டில் கணக்கையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில் லென்ஸ் துளையைச் சுருக்க முடியாது. எஃப் 1.8 துளை, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் அளவு) 50 என்றால், உச்சிவெயிலில் சரியான ஒளியேற்பு ஏறக்குறைய 1/4000 நொடி. அங்கே கால் நொடி வைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். காலை நிழலில் செல்பேசி 1/250 நொடி காட்டினால், 64 மடங்கு ஒளி குறைக்கும் என்.டி. ஃபில்டர் கால் நொடிக்குக் கொண்டுவரும். முக்காலி கட்டாயம். விரல் பட்டு ஆடாமலிருக்க 2 நொடி டைமர் வைக்க வேண்டும். அருவிச் சாரல் லென்ஸில் படிந்தால் படமே பால் பூத்ததுபோல் மங்கிவிடும், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுக்கவும். 2 நொடிக்கு மேல் போனால் நூல் இழைகள் ஒன்றாகி வெறும் வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும்.
(குலசேகரம்)

'அகல் ஒளிவரம்பு', 'பல்லொளியிணைப்பு', 'நீள் ஒளியேற்பு' மூன்றையும் ஏற்கிறேன். இன்னொன்று பாக்கி. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பல்லொளியிணைப்பில் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இறக்கை நகர்ந்துவிடுகிறது. மூன்று இறக்கைக்குப் பக்கத்தில் வெளிறிய இறக்கைகள் முளைக்கின்றன. ஆங்கிலத்தில் இதைப் பேயோடு சேர்த்துச் சொல்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். 'மிச்சவுரு' என்று வைத்திருக்கிறேன். "மிச்சவுரு விழுந்தால் எச்.டி.ஆரை அணைத்துவிட்டு, வானத்தைத் தொட்டு ஒளியளவைப் பூட்டி ஒற்றைப் படமாக எடுக்கவும்" என்பது கையேட்டு வரி. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.
(நாகர்கோவில்)